தாமதத்திற்கு வருந்துகிறோம்

ஜனவரி 9

தங்கச்சிக்கு அக்கா எழுதறது.

நான் சுகமாத்தான் இருக்கேன். நீ சுகமான்னு கேக்கத் தேவையில்ல. போன ஞாயித்துக்கிழமை உன் வீட்டு ஹால்ல நீ சிரிச்ச சிரிப்பைப் பார்த்தப்பவே உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லைன்னு தெரிஞ்சுது. என் நம்பரைத் தடுத்து வச்சிருக்கே. வச்சுக்கோ. தபால்காரரைத் தடுக்க முடியாதில்ல? அதான் கடுதாசி.

பாதி நாள் பஸ்ல நசுங்கி வந்தேன். உன் பொண்ணு மிளகுக்குன்னு கடை கடையா ஏறி இறங்கி ஜிகினா வச்ச கவுன் வாங்கிட்டு வந்தேன். அதுக்கு மிளகுன்னு பேர் வச்சதே நான்தான், பொறந்தப்ப அத்தனூண்டு இருந்துச்சுன்னு. நீ மறந்திருக்கமாட்டேன்னு நினைக்கறேன். செருப்பைக் கழட்டினேன், குழந்தையை வாரி அணைச்சேன். பெரியம்மா அணைக்காம பின்ன யாரு அணைப்பா? அது என் நெஞ்சுல கையை வச்சுத் தள்ளி, "வேணாம்"னுச்சு.

சரி, குழந்தை. விட்டுடலாம். நீங்க ரெண்டு பேரும் என்ன குழந்தையா? நீயும் மாப்பிள்ளையும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி எனக்கு டாட்டா காட்டினீங்க! ஈன்னு இளிச்சுக்கிட்டு, குதிச்சுக்கிட்டு! வந்தவளை உக்காருன்னு ஒரு வார்த்தை இல்ல, ஒரு வாய் தண்ணி இல்ல. போ போன்னு டாட்டா.

வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னேன். "ரெண்டு போட்டு வளர்த்திருந்தா இந்நேரம் பேசியிருக்கும்"னு. ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன். ஆறு வயசாச்சு. ஆட்டிசம்னு ஒரு வார்த்தையை டாக்டர்கிட்ட கத்துக்கிட்டு வந்தீங்க, அதைச் சொல்லிச் சொல்லியே குழந்தையை அதும்போக்குல விட்டுட்டீங்க. அது பெரியவங்களை வேணாங்குது, நீங்க டாட்டா காட்டறீங்க.

இப்படிக்கு,
வந்த வழியே அனுப்பி வைக்கப்பட்ட அக்கா

பி.கு: கவுன் அளவு சரியா இருக்கான்னு பாரு.


ஜனவரி 21

அக்காவுக்கு,

நீ சுகம்னு எழுதவே வேணாம், பேனா ரெண்டு இடத்துல பேப்பரைக் கிழிச்சிருக்கறதுலயே தெரிஞ்சுது. அத்தானுக்குக் காது எப்படி இருக்கு? உன்கூடக் குடித்தனம் பண்றவருக்குக் காது மந்தமா இருக்கறதும் ஒரு கொடுப்பினைதான்.

ஒரே ஒரு தடவை விளக்கம் சொல்றேன். அதுவும் உனக்காக இல்ல, மிளகு மேல பழி நிக்கக் கூடாதுன்னு.

அவ பொறந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசினதில்ல. பிடிக்கலைன்னா தரையில தலையை முட்டுவா, இல்லேன்னா கடிப்பா. என் முழங்கைத் தழும்பைப் பார்த்து நாய் கடிச்சுதான்னு கேட்டியே, அது அவ பல்லு. அன்னிக்கு நீ ஒரு வார்த்தை கேக்காம பாய்ஞ்சு அணைச்சே. அவளுக்கு அது பிடிக்கலை. ஆனா முட்டலை. கடிக்கலை. வாயைத் திறந்து "வேணாம்"னா. அதுதான் அக்கா அவளோட முதல் வார்த்தை! யாரைப் பார்த்துச் சொன்னான்னு எங்களுக்குக் கண்ணுலயே படலை. நீ இல்ல, கதவைப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் குதிச்சிருப்போம்.

அது டாட்டா இல்ல. சத்தம் வந்தா அவ காதைப் பொத்திக்கிட்டு சுருண்டுடுவா. அதனால எங்க வீட்ல கைதட்டறதே அப்படித்தான். ரெண்டு கையையும் தூக்கி, சத்தமில்லாம உள்ளங்கையை ஆட்டுவோம். நாங்க கைதட்டினோம். அவ்வளவுதான்.

அதை அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீ அதுக்குள்ள அந்த வாக்கியத்தைச் சொன்னே. அவ முதல் வார்த்தை சொன்ன அதே வாசல்ல நின்னுக்கிட்டு, அவளை அடிச்சிருக்கணும்னே. என்னால அதை மறக்க முடியலை, மறக்கறதாவும் இல்ல. அந்த வாக்கியத்தைத் திருப்பி எடுத்துக்கோ. அப்பதான் நம்பரைத் திறப்பேன்.

ஜிகினா அவளுக்குக் குத்துது. கழுத்துக்குப் பின்னாடி தைச்சிருக்கற துணிச்சீட்டு அரிக்குது. போட்ட வேகத்துல கழட்டி எறிஞ்சுட்டா. கவுனைக் கீழ் வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துட்டேன். அளவு சரியாத்தான் இருந்துச்சு.

இப்படிக்கு,
உன் தங்கச்சியா பொறந்தது என் தப்பு இல்ல


பிப்ரவரி 4

அடியே,

கீழ் வீட்டுக் குழந்தை சுகமா? கவுன் எடுப்பா இருக்கா? இங்க நான் சுகம். அத்தானுக்குக் காது அப்படியேதான். உன் கடுதாசியைச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன், "யாருக்குக் கல்யாணம்?"னு கேட்டார்.

கைதட்டறதுன்னா சத்தம் வரணும்டி. சத்தம் வராத கைதட்டுக்குப் பேர் வெறும் கை. யார் காதுல பூ சுத்தறே?

சரி, முதல் வார்த்தைன்னே வச்சுக்குவோம். ஊர்ல குழந்தைங்க முதல் முதலா என்னென்னவோ சொல்லுது. எனக்குக் கிடைச்சது "வேணாம்". உனக்குக் கொண்டாட்டம், வலிச்சது எனக்கு. எனக்குன்னு பிள்ளை குட்டி இல்ல. இருக்கறது அந்த ஒரு வாண்டு. அதுவும் என்னைத் தள்ளிச்சு, அதைப் பார்த்து என் கூடப் பொறந்தவ குதிச்சா. அதை முதல்ல யோசி, அப்புறம் வாக்கியத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லு.

திருப்பி எடுக்கறதுங்கற பேச்சே எங்க வேலையில கிடையாது. பஸ் ஸ்டாண்டு கண்ணாடி அறைக்குள்ள மைக் முன்னால இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன், சொன்ன அறிவிப்பை வாபஸ் வாங்கினதே இல்ல. பஸ் வரலைன்னா அடுத்த அறிவிப்புதான் கொடுப்போம்.

உன் ஊர் பஸ் ஸ்டாண்டுலயும் என் குரல்தான் ஓடுது, ஞாபகம் இருக்கட்டும். பதிவு பண்ணி எல்லா ஊருக்கும் அனுப்பியிருக்காங்க. ஊருக்கே எந்த பஸ்ல ஏறணும்னு சொல்லித் தர்றவளுக்கு, ஒரு குழந்தைக்குப் பேச்சு சொல்லித் தரத் தெரியாதா? மிளகை லீவுக்கு இங்க அனுப்பு. மூணே மாசம். பேச வச்சுக் காட்டறேன்.

இப்படிக்கு,
காது கேக்கறவங்களுக்கெல்லாம் குரல் கொடுக்கற அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

இங்க எல்லாரும் நலம். நீ நலமான்னு கேக்கறது வெறும் மரியாதைக்கு.

மிளகை உன்கிட்ட அனுப்பறதா? இந்த ஜென்மத்துல நடக்காது.

உன் வயிறு எரியட்டும்னே எழுதறேன். மிளகு தானா செருப்பு மாட்டிக்கிட்டா. இடதும் வலதும் மாறித்தான். நாங்க மாத்தலை, அப்படியே தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வந்தோம். அதுக்கு ஒரு கேக் வாங்கினோம். பல் தேய்க்கற பிரஷ்ஷைக் கத்தாம வாய்க்குள்ள விட்டா. அதுக்கு இன்னொரு கேக். "உங்க வீட்ல தினமும் பொறந்த நாளா?"ன்னு பேக்கரிக்காரர் கேட்டார். ஆமான்னேன்.

கண்ணாடிக் கடையில இப்ப மதியம் வரைக்கும்தான் எனக்கு வேலை. லென்ஸ் தேய்க்கற மெஷின் முன்னால நின்னு உன்னை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே தேய்ச்சேன், ஒரு பெரியவருக்கு இடது கண் லென்ஸை வலதுல மாட்டிட்டேன். அதுவும் உன் கணக்குலதான் சேரும்.

பேச்சுப் பயிற்சிக்குப் போறப்ப நானும் மிளகும் பஸ் ஸ்டாண்டுக்குச் சீக்கிரமே போயிடறோம். எங்க பஸ் வந்தாலும் ஏறறதில்ல. ரெண்டு மூணை விட்டுட்டு பெஞ்சுலயே உக்காந்திருப்போம். ஏன்னு கேக்காதே. கேட்டாலும் சொல்றதா இல்ல.

இப்படிக்கு,
தங்கச்சி


மார்ச் 14

பஸ்ஸை விட்டுட்டு பெஞ்சைத் தேய்க்கற தங்கச்சிக்கு,

எனக்குத் தொண்டைக்கட்டு. மத்தபடி சுகம். உன் பக்கத்துல யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா எழுது, தெரிஞ்சு வச்சுக்கறேன்.

செருப்புக்கு ஒரு கேக். பிரஷ்ஷுக்கு ஒரு கேக். நாளைக்குத் தும்மினா பந்தல் போட்டு விருந்தா? சின்னதுக்கெல்லாம் இப்படித் தூக்கி வச்சு ஆடினா, பெரிசு எதுன்னு குழந்தைக்கு எப்படித் தெரியும்? நான் மைக் முன்னால முதல் தடவை உக்காந்து ஊரே கேக்கப் பேசினேன். எவன் எனக்குக் கேக் வெட்டினான்?

ஆபீஸ்ல ஒரு பேச்சு அடிபடுது. புது மெஷின் வருதாம். அதுக்குள்ள ஒரு பொம்பளைக் குரல் இருக்காம். அதுக்குச் சளி பிடிக்காது, லீவு கேக்காதுன்னு மேனேஜர் என் முகத்தைப் பார்த்துச் சொல்றான். கேட்டுப் பார்த்தேன். மூக்கடைச்சவ சீப்பு ஊதற மாதிரி இருக்கு. அதெல்லாம் நிக்காது.

எதுக்குடி பஸ்ஸை விடறீங்க? எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. இருந்தாலும் சொல்லு.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 29

பதில் போடாத மகராசிக்கு,

நீ சுகமா இருக்கியா, இல்லையா, உசுரோட இருக்கியா? எழுதி ஒன்றரை மாசம் ஆச்சு.

மெஷின் வந்துடுச்சு. என்னைத் தொலைஞ்ச பொருள் கவுண்டர்ல உக்கார வச்சுட்டாங்க. குடை, ஒத்தைச் செருப்பு, யாரோ விட்டுட்டுப் போன பல் செட்டு, இதுங்களுக்கு நடுவுல நான். கண்ணாடி அறையில என் நாற்காலியை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு பொட்டியை வச்சிருக்காங்க. பொட்டி சூடாகக் கூடாதுன்னு அதுக்குத் தனியா ஒரு ஃபேன். நான் வேர்த்து வழிஞ்சு உக்காந்திருந்தப்ப ஃபேன் ரிப்பேர்னானுங்க.

நீதான் பஸ் ஸ்டாண்டே கதின்னு உக்காந்திருக்கியே, குரல் மாறினது உன் காதுல விழலையா? அக்காவுக்கு என்ன ஆச்சோன்னு ஒரு வரி எழுதக் கை வரலை. உச்சி குளிர்ந்திருக்கும் உனக்கு. நல்லா குளிரட்டும். இதுக்கும் ஒரு கேக் வாங்கி வெட்டு.

இப்படிக்கு,
வாயடைச்சுப் போன அக்கா


மே 7

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கற நிலைமையில நான் இல்ல. நீ நல்லா இரு.

இந்தக் கடுதாசியை எழுதக் கை கூசுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதறேன்.

ஏன் பஸ்ஸை விட்டோம்னு கேட்டே. உனக்காகத்தான். பிப்ரவரில ஒரு நாள் பயிற்சிக்குப் போக பெஞ்சுல உக்காந்திருந்தோம். மேல கூம்பு ஸ்பீக்கர்லேருந்து உன் குரல், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு. மிளகு ஆடிக்கிட்டிருந்ததை நிறுத்திட்டு அண்ணாந்து பார்த்தா. எந்தச் சத்தத்துக்கும் காதைப் பொத்தறவ, உன் சத்தத்துக்குப் பொத்தலை. பஸ் வந்துச்சு, எழுந்திரிக்கமாட்டேன்னுட்டா. அன்னிலேருந்து தினமும் உன்னைக் கேக்கப் போனோம்.

அப்புறம் பேச ஆரம்பிச்சா. உன் வார்த்தையில, உன் குரல்ல. சோத்துத் தட்டை ஆற வைக்கறதுக்கு மேல எடுத்து வச்சேன், "தாமதத்திற்கு வருந்துகிறோம்"னா. அவளுக்கு அதுக்கு அர்த்தம், இன்னும் எவ்வளவு நேரம்னு. கண்ணாடிக் கடையில அலுத்துப் போனா, "புறப்படத் தயாராக உள்ளது". அவ அப்பா வெறும் பனியனோட வாசலுக்குப் போனார், "உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்"னா. வேலை பார்க்கற பட்டறையில எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சார் மனுஷன். சில குழந்தைங்க முழு வாக்கியமாப் பிடிச்சுத்தான் பேச்சுக்குள்ள வரும்னு பயிற்சி டீச்சர் சொன்னாங்க. நாங்க கை வலிக்க வலிக்கக் கையாட்டினோம்.

உனக்கு ஏன் சொல்லலைன்னா, மூணு மாசத்துல பேச வைக்கறேன்னு நீ எழுதியிருந்தே. நீ இருந்த இடத்துலேருந்தே பேச வச்சுட்டேன்னு உனக்கு எழுத என் கை வரலை. உன்னைத் திட்டிக்கிட்டே போய் உன் குரலைக் கேட்டுட்டு வந்தேன். போதுமா?

இப்ப அந்த மெஷின் வந்துடுச்சு. முதல் நாள் மிளகு கூம்பைப் பார்த்துக் காத்துக்கிட்டே இருந்தா. அது பேசினதும் தன் மணிக்கட்டைத் தானே கடிச்சுக்கிட்டா, ரத்தம் வர்ற வரைக்கும். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்ல. வருந்துகிறோம் இல்ல, புறப்படத் தயார் இல்ல. "வேணாம்"கூட இல்ல, அக்கா. மறுபடியும் தலையை முட்டறா. எல்லாம் போயிடுச்சு.

உன் போன்ல அந்த அறிவிப்பையெல்லாம் பேசிப் பதிவு பண்ணி மிளகு அப்பா நம்பருக்கு அனுப்பு. கேட்டுட்டேன். ஆனா ஒண்ணு, நீ வாசல்ல நின்னு சொன்னதை நான் மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. மன்னிக்கலை.

இப்படிக்கு,
வேற வழியில்லாத தங்கச்சி


மே 16

அடிப்பாவி!

சுகமாவது ஒண்ணாவது. உன் கடுதாசி வந்ததுலேருந்து எனக்குப் பச்சைத்தண்ணி பல்லுல படலை.

குழந்தை என் குரல்ல பேசியிருக்கு. அது உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும், பட்டறையில இருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது! நான் இங்க பல் செட்டைக் காவல் காத்துக்கிட்டு, நம்ம குரலை எவன் கேட்டான், கத்திக் கத்தி என்ன கண்டோம்னு உக்காந்திருந்தேன். நான் சொன்ன வாக்கியம் பெரிய பாவம்னா, நீ சொல்லாம வச்சிருந்தது என்ன புண்ணியமா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

பதிவு பண்ணி அனுப்பமாட்டேன்.

கோபத்துல சொல்றேன்னு நினைக்காதே. கோபம் இருக்கு, அது வேற. போன்ல அனுப்பினா அது இன்னொரு பொட்டி. ஒரு பொட்டியை நம்பி இருந்தது, எவனோ தூக்கிட்டுப் போனான். இன்னொரு பொட்டியைக் கொடுத்தா அதுவும் ஒரு நாள் கீழ விழுந்து உடையும். அந்தக் குரலுக்கு ஒரு ஆள் இருக்குன்னு குழந்தைக்குத் தெரியணும். நேர்ல வந்து சொல்றேன். வேணும்னா சொல்லு, வர்றேன். வேணாம்னா அதையும் நீயே சொல்லு, குழந்தையைச் சொல்ல விடாதே.

இப்படிக்கு,
அக்கா


மே 27

அக்காவுக்கு,

சாப்பிடு. உடம்பைக் கெடுத்துக்கிட்டு அந்தப் பழியையும் என் தலையில போடாதே.

அவரும் நானும் பேசினோம். பேசினோம்னா சண்டை போட்டோம். வா.

வீட்டுக்கு வராதே. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்கு வா, உன் குரலை அவளுக்குத் தெரிஞ்ச இடம் அதுதான். சென்ட் போடாதே. வளையலைக் கழட்டி வச்சுட்டு வா. தொடாதே, அவளா வந்தாலொழிய. அவ திரும்பிப் பார்க்கலைன்னா முகத்தைத் தூக்கி வச்சுக்காதே, அவ பார்க்காமலே கேப்பா. அழாதே. அழுகைச் சத்தம் அவளுக்கு ஆகாது, எனக்கும் ஆகாது. அறிவிப்பைத் தவிர வேற எதுக்கும் வாயைத் திறக்காதே, அதுதான் உனக்குக் கஷ்டம்னு தெரியும்.

அந்த வாக்கியத்தை உன் வீட்லயே வச்சுப் பூட்டிட்டு வா. அதைத் தூக்கிக்கிட்டு வர்றதா இருந்தா பாதி வழியில இறங்கித் திரும்பிப் போயிடு.

இப்படிக்கு,
தங்கச்சி


ஜூன் 18

தங்கச்சிக்கு,

சுகமா வந்து சேர்ந்தேன். என் பையும் சுகமா வந்து சேர்ந்துடுச்சு. மறுநாள் டிரைவர் அதை என் கவுண்டருக்கே கொண்டு வந்தார், "யாரோ ஒரு அம்மா விட்டுட்டாங்க"ன்னு. நானே வாங்கி, நானே பதிஞ்சு, நானே கையெழுத்து போட்டு எனக்கே கொடுத்துக்கிட்டேன்.

கூட இருந்து பார்த்ததை எனக்கே எழுதறியான்னு கேப்பே. எழுதத்தான் போறேன். நீ ஊர் பூரா உன் வசதிக்கு மாத்திச் சொல்லுவே, உன்னைத் தெரியாதா எனக்கு?

நான் தூணுக்குப் பின்னால வந்து நின்னப்ப மிளகு பெஞ்சுல முதுகைக் காட்டி உக்காந்து காதைப் பொத்திக்கிட்டிருந்தா. மேல அந்த சீப்பு ஊதறவ ஏதோ சொல்லி முடிச்சா. நான் மூச்சை இழுத்து, கண்ணாடி அறையில எப்படி உக்காருவேனோ அப்படி நிமிர்ந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னேன். வாய்க்கு வந்த ஒரு தடத்தைச் சொல்லிப் புறப்படத் தயாராக உள்ளதுன்னேன். அந்தத் தடத்துல பஸ்ஸே கிடையாது. நாலஞ்சு பேர் மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க பாவம். நீ அப்ப சிரிச்சே. நான் பார்த்தேன், இல்லைன்னு சாதிக்காதே.

மிளகு கையைக் காதுலேருந்து எடுத்தா. முதல்ல கூம்பைப் பார்த்தா. அப்புறம் தூணைப் பார்த்தா. எழுந்து வந்து, என் முகத்தைப் பார்க்காம என் கழுத்தைப் பார்த்துக்கிட்டு, தொண்டையில கையை வச்சா. நான் சொல்லச் சொல்லக் கையை எடுக்கலை. ஒரு கவுன் துணிக்குக்கூடக் கூசற கை, என் தொண்டை மேல அப்படியே இருந்துச்சு. நீ அழாதேன்னு எழுதியிருந்தே. அழலை. மூக்கு ஒழுகினா அது அழுகையில சேராது.

அப்ப நீ பக்கத்துல வந்து நின்னே. நான் உன் பக்கமாத் திரும்பி, அதே குரல்ல, "தாமதத்திற்கு வருந்துகிறோம்"னேன். அதையும் குழந்தைக்குச் சொன்னேன்னு நீ நினைச்சிருப்பே, மரமண்டை. ஜனவரில உன் வாசல்ல நின்னு நான் கொடுத்த அறிவிப்புக்கு, அதுதான் அடுத்த அறிவிப்பு. அடிச்சிருக்கணும்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. எழுதிட்டேன். இதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காதே. நீ எனக்குச் சொல்லாம மறைச்சதுக்கு உன்கிட்டேருந்து இன்னும் ஒரு அறிவிப்பும் வரலைங்கறதையும் குறிச்சு வச்சிருக்கேன்.

மிச்சத்தையும் எழுதிடறேன். சாயங்காலம் வரைக்கும் எத்தனையோ அறிவிப்பு சொன்னேன். மிளகு கேட்டா, ஆனா வாயைத் திறக்கலை. என் பஸ் வந்துச்சு. பையை சீட்ல போட்டுட்டு, இன்னும் நேரம் இருக்கேன்னு இறங்கி வந்தேன். பாழாப்போன பழக்கம், நீ அத்தனை தடவை சொல்லியும் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுக் குனிஞ்சுட்டேன்.

மிளகு என் நெஞ்சுல கையை வச்சா. "வேணாம்"னா.

நீ என்னைப் பார்த்தே. ஜனவரி மாதிரி மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன்னு பயந்தே, உன் கண்ணுலயே தெரிஞ்சுது. அடியே, இத்தனை வாரம் கழிச்சு அவ வாயைத் திறந்திருக்கா, நான் எங்க போவேன்? ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஆட்டினேன். சத்தமே இல்லாம, தோள் கழண்டு விழற மாதிரி ஆட்டினேன்.

அதைப் பார்த்த அந்த டிரைவர், நான் வழியனுப்ப வந்தவன்னு நினைச்சானோ, கிளம்பச் சொல்றேன்னு நினைச்சானோ, பஸ்ஸை எடுத்துட்டான். ஜன்னல்லேருந்து யாரோ ஒரு புண்ணியவான் எனக்கு டாட்டா வேற காட்டிட்டுப் போறான். என் பை போயிடுச்சு. நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறேன், நீ பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறே.

அப்பதான் மிளகு, போற பஸ்ஸைப் பார்த்துக்கிட்டே, என் குரல்ல, நான் எங்க மூச்சு விடுவேனோ அங்கேயே மூச்சு விட்டு, "தாமதத்திற்கு வருந்துகிறோம்"னா.

நீயும் நானும் கையைத் தூக்கினோம். அடுத்த பஸ் வர்ற வரைக்கும் இறக்கலை.

அத்தான்கிட்ட எல்லாத்தையும் கையை ஆட்டியே சொல்லிக் காட்டினேன். உடனே புரிஞ்சுக்கிட்டார். நம்பரைத் திறக்கறதும் திறக்காததும் உன் இஷ்டம், நான் கெஞ்சமாட்டேன். நான் கொடுத்துட்டு வந்த பருத்திக் கவுன்ல கழுத்துச் சீட்டை வெட்டிட்டேன், தையலையும் வெளிப்பக்கமா வச்சுத் தைக்கச் சொன்னேன். தையல்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். அதையும் கீழ் வீட்டுக்குக் கொடுத்தேன்னு தெரிஞ்சுது, அப்புறம் இருக்கு உனக்கு.

இப்படிக்கு,
மிளகு ரெண்டு தடவை வேணாம்னு சொன்ன ஒரே ஆளு,
அக்கா